கேள்விக்குக் காசு இல்லை

உங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம், ‘ஏன் அண்ணாச்சி, வருஷத்துக்கு ஒருமுறை வியாபாரத்தை நிறுத்திவிட்டு ஸ்டாக் எடுக்கிறீர்களே, ஒரு நாள் வருமானம் போச்சே?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். எது விற்றது, எது தூங்குகிறது, எதை எலி தின்றது என்று தெரியாமல் எவனாவது கடை நடத்துவானா?

அரசாங்கம் நடத்துகிறது.

பொது சுகாதாரத்துக்கும் சமூக நலத்துக்கும் ஆண்டுதோறும் லட்சம் கோடிக் கணக்கில் செலவாகிறது. மாத்திரை, சத்துணவு, அங்கன்வாடி, ஓய்வூதியம், காப்பீடு... எல்லாம் தேவைதான். ஆனால் இதில் எது பலன் தருகிறது, எது தரவில்லை, ஏன் தரவில்லை என்று கேட்பதற்கு எவ்வளவு ஒதுக்குகிறோம்? இந்த வாரம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பி.காம். படித்தவனுக்கு மருத்துவ ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மருத்துவத்தில் எனக்கு வேலை இல்லை. கணக்கில் இருக்கிறது.

2021-22ம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நம் அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து சுகாதாரத்துக்குச் செய்த செலவு 4,34,163 கோடி ரூபாய். அதே ஆண்டு பட்ஜெட்டில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு ஒதுக்கப்பட்டது 2,663 கோடி. வகுத்துப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு அறுபத்தோரு காசு! அந்தக் காசுக்குள்தான் ஆராய்ச்சி நிறுவனங்களின் சம்பளம், கட்டடம், பரிசோதனைக்கூடம் எல்லாம் அடக்கம். உயிரி தொழில்நுட்பத் துறை போன்றவை தனியாகக் கொஞ்சம் கொடுக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. 2025-26 பட்ஜெட்டில் சுகாதார ஆராய்ச்சித் துறையின் தொகை சுமார் 3,900 கோடியாக உயர்ந்திருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும், வளரும் நாடுகள் தங்கள் சுகாதாரச் செலவில் குறைந்தது இரண்டு சதவிகிதத்தை ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு சர்வதேசக் கமிஷன் சொன்னது 1990ல். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

‘அந்தக் காசில் நாலு ஆஸ்பத்திரி கட்டலாமே சார்?’ என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு பழைய சென்னைக் கதை.

1950களில் காசநோய் என்றால் சானடோரியம். மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகளோ மிகக் குறைவு. எல்லோருக்கும் படுக்கை போடுவதென்றால் நாட்டையே அடகு வைக்க வேண்டும். அப்போது ஒரு கேள்வி எழுந்தது. படுக்கை நிஜமாகவே வேண்டுமா? மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன?

இந்தக் கேள்விக்கு விடை தேட 1956ல் சென்னையில் ஒரு மையம் திறந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கை கோத்தன. நகரத்தின் ஏழை நோயாளிகளில் சரிபாதிப் பேரை சானடோரியத்துக்கும் மறுபாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து கொடுத்தார்கள். மொத்தம் இருநூறு பேர்கூட இல்லை. 1959ல் முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியக்காரர்கள் அளவுக்கே குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவம் திசை திரும்பியது. சானடோரியங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் வேலையை இழந்தன. கட்டாமல் விட்ட ஆஸ்பத்திரிகளின் செலவை மட்டும் யாராவது கூட்டிப் பார்த்தால், இருநூறுக்கும் குறைவான பேரிடம் கேட்ட அந்த ஒரு கேள்வி என்ன லாபம் தந்தது என்று புரியும். நாலு ஆஸ்பத்திரி கட்டலாமே என்றீர்களே, நாலாயிரம் ஆஸ்பத்திரி கட்டாமலே காரியம் நடந்தது!

‘அது அந்தக் காலம்’ என்று தள்ளிவிடாதீர்கள். 2019க்கும் 2022க்கும் இடையே ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா தலைமையில். சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் உண்டு. பணம் ஐ.சி.எம்.ஆர். கொடுத்தது. ஒரு வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்தால், மற்றவர்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தால் நோய் தடுக்கப்படுமா? இதுதான் கேள்வி. நம் பாட்டிகள் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அரசாங்கத்தின் கஜானா பாட்டி பேச்சுக்குத் திறக்காது, எண்ணுக்குத்தான் திறக்கும். பத்தாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்ததில், உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. 2023ல் முடிவு வெளியானது. 2024 நவம்பரிலிருந்து காசநோயாளிக்கான மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை மாதம் 500 ரூபாயிலிருந்து ஆயிரமாக ஆனது.

நம் ஊரிலேயே இன்னொன்று. காசநோய்க்கு மருந்து ஆரம்பித்த பிறகும் சிலர் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோகிறார்கள். யார் அவர்கள்? முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதில் இறங்கியது. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்தாலே ஆபத்தில் இருப்பவரைப் பிரித்துவிடலாம். 2022ல் தமிழக அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தேவைப்படுகிற கருவி என்ன? எடை மெஷின், அளவு டேப்பு, விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர்!

இந்த மூன்றிலும் ராக்கெட் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இங்கேயே பிறந்த கேள்வி, பொதுப்பணம், பொறுமை. அவ்வளவுதான்.

இப்படி இன்னும் நூறு கேள்விகள் கேட்க வேண்டிய நாட்டில், பணம் வருகிற வாசல்களைப் பார்ப்போம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாட்ச்மேன் நிற்கிறார்.

முதல் வாசல், அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஐந்து ஆண்டில் 50,000 கோடி என்றார்கள். கேட்கக் காது குளிர்கிறது. கணக்கைப் பிரித்தால், அதில் அரசு தருவதாகச் சொன்னது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், அறக்கட்டளைகள் என்று வெளியிலிருந்து வரவேண்டும். லாபம் பார்க்கிற கம்பெனி செமிகண்டக்டருக்குக் கொடுக்கும், பேட்டரிக்குக் கொடுக்கும். முதியோர் ஓய்வூதியம் ஏன் மாதக் கடைசியில் வருகிறது என்று ஆராய எந்தக் கம்பெனி செக் எழுதும்? தவிர, சட்டத்தின் வாசகமே சமூக அறிவியலை, அறிவியலும் தொழில்நுட்பமும் அதைத் தொடுகிற இடத்தில் மட்டும்தான் உள்ளே விடுகிறது. திண்ணையில் உட்காரலாம், கூடத்துக்கு வரக்கூடாது.

இரண்டாவது வாசல், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். 2022-23ல் இப்படிச் செலவானது சுமார் 30,000 கோடி. எதற்கெல்லாம் செலவிடலாம் என்று ஏழாவது அட்டவணை பட்டியல் போடுகிறது. அதில் ஆராய்ச்சி என்ற இடத்தில் இருப்பவை அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம். சமூகம்? காணோம்! சமூகப் பொறுப்பு நிதியில் சமூகத்தை ஆராய இடமில்லை. இதைவிட நல்ல நகைச்சுவையை நான் சமீபத்தில் படிக்கவில்லை.

கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்று பார்க்க 2021ல் விதி கொண்டுவந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துக் கோடிக்கு மேல் இந்த வகையில் செலவிட வேண்டிய கம்பெனிகளுக்கும், ஒரு கோடிக்கு மேற்பட்ட திட்டங்களுக்கும்தான் அது கட்டாயம். ஆய்வு செய்பவரைத் தேர்ந்தெடுப்பதும், சம்பளம் கொடுப்பதும் அதே கம்பெனி. மாப்பிள்ளை வீட்டாரே மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொன்னால் எப்படி இருக்கும்?

மூன்றாவது வாசல், வெளிநாட்டு நிதி. 2020ல் திருத்தப்பட்ட சட்டப்படி, வெளிநாட்டுப் பணம் பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் 20 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்க வேண்டாமா என்கிறது அரசு. கண்காணிக்கத்தான் வேண்டும். ஆனால் பொது சுகாதார ஆய்வு எப்படி நடக்கும் தெரியுமா? நகரத்தில் ஒரு பெரிய நிறுவனம் விண்ணப்பம் எழுதும். மலைக்கிராமத்தில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பு வீடு வீடாகப் போகும். அந்த இரண்டாவது ஆளுக்குப் பணம் போகும் வழியை அடைத்துவிட்டால், ஆய்வு நகரத்தின் குளிர்சாதன அறையிலேயே முடிந்துவிடும்.

வாட்ச்மேன்கள் போதாதென்று இடையில் வரிக்காரரும் வந்தார். ஆராய்ச்சிக்காகப் பெற்ற நிதிக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கட்டு என்று நாட்டின் முக்கியமான உயர்கல்வி நிறுவனங்கள் சிலவற்றுக்கு நோட்டீஸ் போனது! கூச்சல் எழுந்த பிறகு 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் விலக்குக் கொடுத்தது. கேள்வி கேட்பதையும் ஒரு வியாபாரமாக நினைத்த மனசு எங்கே இருந்து வந்தது என்பதுதான் என் கவலை.

சரி, நாம் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்? கேட்க ஆள் இருக்கிறது. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதி நேரம் வேலை பார்க்கிற ஓர் ஊழியரைக் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும்? பாடம் சொல்லித் தருகிற நேரம் இரு மடங்கானது. குழந்தைகளின் படிப்பு முன்னேறியது, வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. அருமையான ஆய்வு. செய்த கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் நம் அங்கன்வாடியைப் பற்றிய இந்தக் கேள்வி மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஏன் முதலில் வரவில்லை?

அடுத்தவர் பணத்தில் கேட்கப்படுகிற கேள்விக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 1984லிருந்து சுமார் தொண்ணூறு நாடுகளில் குழந்தை இறப்பு, பிரசவம், ஊட்டச்சத்து பற்றிக் கணக்கெடுத்து வந்தது அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் நிதியில் இயங்கிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம். 1992-93ல் நடந்த நம்முடைய முதல் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புக்கும் அந்த நிறுவனத்தின் ஆதரவு இருந்தது. 2025 தொடக்கத்தில் வாஷிங்டனில் ஆட்சி மாறியது. ஒரே உத்தரவில் திட்டம் நின்றது. எத்தனையோ ஏழை நாடுகள் தங்கள் ஊரில் எத்தனை குழந்தைகள் சாகின்றன என்று எண்ணுவதற்கே வழி தெரியாமல் விழித்தன. நல்லவேளை, நம் கணக்கெடுப்பில் நம் அரசின் பங்கு சுற்றுக்குச் சுற்று கூடிவந்திருந்தது. அந்தப் புத்தி மற்ற ஆய்வுகளுக்கும் வர வேண்டும்.

என்ன செய்யலாம்? மூன்று யோசனைகள்.

ஒன்று, ஒவ்வொரு பெரிய நலத்திட்டத்திலும் நூற்றுக்கு ஒரு ரூபாயை, அது பலன் தருகிறதா என்று பார்க்க முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். பார்ப்பவர் அந்தத் துறைக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். முடிவு பாதகமாக வந்தாலும் அச்சிட்டு வெளியிட வேண்டும்.

இரண்டு, ஏழாவது அட்டவணையில் ‘சமூக அறிவியல்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்க்க வேண்டும். செலவு, அரை வரி அச்சு மை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஐ.சி.எம்.ஆர். ‘சிறு நிதி’ என்று ஒன்று தருகிறது. எவ்வளவு தெரியுமா? இரண்டு கோடி ரூபாய் வரை! கிராம சுகாதாரச் செவிலியருக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். தன் பகுதிக் கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் ஏன் சாப்பிடுவதில்லை என்று கண்டுபிடிக்க அவருக்கு ஐம்பதாயிரம் ரூபாயும், கணக்குப் போட்டுத் தர ஒரு கல்லூரி ஆசிரியரும், தமிழில் இரண்டு பக்க விண்ணப்பப் படிவமும் போதும். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இப்படிச் சிறு தொகை கொடுத்துக் குறுகிய கால ஆய்வு செய்யச் சொல்லும் திட்டத்தை 1979லிருந்தே அதே ஐ.சி.எம்.ஆர். நடத்துகிறது. அந்தக் கையைச் செவிலியருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் கொஞ்சம் நீட்டினால் என்ன? மாத்திரை தூக்கிப் போடப்படுகிற குப்பைத்தொட்டியை நேரில் பார்ப்பவர் அவர்தானே?

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் புதுத் திட்டம் ஒன்றை அறிவித்தால் கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும், ‘இது பலிக்குதான்னு யார் பார்ப்பாங்க, அதுக்கு எவ்வளவு வெச்சிருக்கீங்க?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு மட்டும் காசு செலவில்லை.