அதிர்வு வேறு, பேஸ் வேறு

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஏதாவது ஒரு கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் சப்வூஃபர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும்: எத்தனை இன்ச், எத்தனை வாட்ஸ்? என்ன பாட்டு கேட்பீர்கள், டிக்கியில் எவ்வளவு இடம் தர முடியும் என்று கேட்பவர்கள் குறைவு. 12 இன்ச் வூஃபர் பொருத்திய ரெடிமேட் பாக்ஸ் ஒன்று டிக்கியில் ஏறும். நம்பர் பிளேட் நடுங்கும்படி ஒரு டெமோ பாட்டு ஒலிக்கும். வியாபாரம் முடிந்துவிடும். இந்த வழக்கத்துக்கு நியாயங்கள் உண்டு. ஆனால் பேஸின் தரத்தை முடிவு செய்யும் பெட்டியை அது பொருட்படுத்துவதே இல்லை.

நியாயங்களை முதலில் சொல்லிவிடுவோம். ரெடிமேட் பாக்ஸ் அரை நாளில் பொருந்திவிடும், செலவு முன்கூட்டியே தெரியும், ஊருக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டு டிக்கியை மூட்டை முடிச்சுக்குப் பயன்படுத்தலாம். தேவையும் உண்மையானது. கதவில் இருக்கும் ஆறரை இன்ச் ஸ்பீக்கரால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உரக்கவும் தெளிவாகவும் ஒலிக்க முடியாது. பேஸ் கிட்டாரின் கனமான தந்தியோ 41 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. இளையராஜா பாடல்களில் பல்லவிக்கு அடியில் தனி மெட்டாகவே நடந்து போகும் பேஸ் கிட்டாரை நம்மில் பலர் காரில் பாதிதான் கேட்டிருக்கிறோம். கீழ்ச்சுரங்களைச் சப்வூஃபருக்கு ஒப்படைத்துவிட்டால் கதவு ஸ்பீக்கரின் சுமை குறைந்து, குரல்கூடத் தெளிவாகிறது.

இனி குறைகள். வாட்ஸ் கணக்கில் தொடங்கலாம். அட்டைப்பெட்டியில் 1400 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கையேட்டைப் புரட்டினால் ஆர்எம்எஸ் 350 என்று பொடி எழுத்தில் இருக்கும். தொடர்ந்து தாங்கும் சக்தி இரண்டாவதுதான். அதையும் இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. சத்தம் இரு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். ஆகவே எண்ணைப் பார்த்துக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காதுக்கு வந்து சேர்வதில்லை.

இதைவிடப் பெரிய குறை பெட்டி விஷயத்தில். வூஃபரின் கூம்பு முன்பக்கக் காற்றை அழுத்தும்போது பின்பக்கக் காற்றின் அழுத்தம் குறைகிறது. இரண்டையும் பிரிக்காவிட்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். பிரிப்பதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். முழுக்க மூடிய சீல்டு பெட்டியில், உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. 1954இல் எட்கர் வில்ச்சர் இந்தக் கொள்கையில் சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸை எடுத்துக் காட்டினார். துளை வைத்த போர்ட்டட் பெட்டியில், குறிப்பிட்ட ஒரு அதிர்வெண்ணை (டியூனிங் அதிர்வெண்) ஒட்டித் துளைக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒலிக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1932இல் காப்புரிமை பெற்றார். எந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு நீளத் துளை என்று கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வகுத்துக் கொடுத்தார்கள். நல்ல வூஃபர் எதனுடனும் இந்தக் கணக்குக்கு வேண்டிய எண்கள் அச்சிடப்பட்டே வருகின்றன. ஒரே அளவுப் பெட்டியை எல்லா வூஃபருக்கும் மாட்டுவது, எல்லாருக்கும் ஒரே நம்பர் செருப்பை விற்பதற்குச் சமம்.

இரண்டில் எது மேல்? போர்ட்டட் பெட்டி குறைந்த வாட்ஸில் கூடுதல் சத்தம் தரும். சின்ன ஆம்ப் வைத்திருப்பவருக்கு அது பெரிய லாபம். ஆனால் 12 இன்ச் வூஃபருக்கு 50 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். சீல்டு பெட்டிக்கு 28 லிட்டர் அளவே போதும். டியூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே போர்ட்டட் பெட்டியின் ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று சரிகிறது. அங்கே கூம்புக்குக் காற்றின் பிடிப்பும் போய்விடுவதால், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் சப்சானிக் ஃபில்டர் இல்லையென்றால் வூஃபர் அடிபட்டுப் போகும். சீல்டு பெட்டியின் சரிவு 12 டெசிபல்தான்.

இந்த இடத்தில் காரின் இயல்பு உதவிக்கு வருகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். அது காரின் நீளத்தைவிட அதிகம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் அலை விரிய இடமில்லாமல், மொத்தக் காற்றும் ஒன்றாக அழுந்தி விரிகிறது. அதனால் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி தானாகவே ஏறும். இந்த ஏற்றமும், கணக்காகச் செய்த சீல்டு பெட்டியின் இறக்கமும் பெருமளவு ஈடுகட்டிக்கொள்கின்றன. வீட்டில் மெலிவாகக் கேட்கும் அதே பெட்டி காரில் நிறைவாக ஒலிப்பது இதனால்தான். 40 ஹெர்ட்ஸை ஒட்டி டியூன் செய்த ரெடிமேட் போர்ட்டட் பெட்டியிலோ, ஏற்கெனவே புடைத்திருக்கும் இடத்தில் காரும் தன் பங்கைச் சேர்க்கிறது. கடை டெமோவில் மார்பில் அடிக்கும் அதிர்வு பெரும்பாலும் இந்தப் புடைப்புதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. பேஸ் கிட்டார் சுரம் சுரமாக ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். ஒரு சுரம் வீங்கி, அடுத்தது காணாமல் போனால் அந்தப் பெட்டி வேண்டாம். மிருதங்கத் தனி ஒன்றையும் கேளுங்கள். தொப்பியில் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நின்றால் நல்லது. எல்லாம் ஒரே முழக்கமாகக் குழைந்தால் பெட்டியோ டியூனிங்கோ சரியில்லை. பெட்டியின் பக்கவாட்டில் விரலால் தட்டினால் தகரம்போல ஒலிக்கக் கூடாது. 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில் உள்ளே குறுக்குச் சட்டம் வைத்துச் செய்திருந்தால் கெட்டியாக ஒலிக்கும்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் தட்டையான ஆக்டிவ் சப்வூஃபரையும் எடைபோட வேண்டும். ஆழத்தில் அது பெரிய பெட்டிக்கு ஈடாகாது. ஆனால் சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியை அடைத்திருக்கும் காரில், மிதமான சத்தத்தில் பழைய பாட்டு கேட்பவருக்கு அது போதுமானது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் பெரிய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பது ஹாஃப்மன் விதி. மூன்றும் தருகிறோம் என்று சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

இசைக்காகக் கேட்பவருக்கு என் பரிந்துரை இது: வூஃபருக்கேற்ற லிட்டர் கணக்கில் செய்த சீல்டு பெட்டி, 10 இன்ச் ஆனாலும் போதும்; கதவு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ்; மிச்சமாகும் பணத்தில் கதவுகளுக்கு டேம்பிங் ஷீட். சத்தமே முக்கியம் என்பவர், அந்த வூஃபருக்கென்றே கணக்கிட்டுச் செய்த போர்ட்டட் பெட்டியை சப்சானிக் ஃபில்டரோடு வாங்கட்டும். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் ஆர்எம்எஸ் வாட்ஸ், உள் கொள்ளளவு, போர்ட் இருந்தால் டியூனிங் அதிர்வெண் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். வாங்குபவர்களும் அந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள். சொல்ல முடியாத கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.