பாயின்ட்டில் நிற்கும் பையனுக்கு என்ன மார்க்?

2024 ஜனவரியில் ஹைதராபாத் உப்பலில் நடந்த டெஸ்ட்டில், முதல் இன்னிங்ஸில் 190 ரன் முன்னிலை பெற்ற இந்தியா, இங்கிலாந்திடம் 28 ரன்னில் தோற்றது. ஆலி போப் 196 அடித்தார், டாம் ஹார்ட்லி கடைசி இன்னிங்ஸில் 7 விக்கெட் சாய்த்தார் என்கிறது ஸ்கோர்கார்டு. போப் 110-ல் இருந்தபோது ஜடேஜாவை ரிவர்ஸ் ஸ்வீப் ஆட, பேக்வர்டு பாயின்ட்டில் அக்ஸர் படேல் கோட்டைவிட்ட கேட்சுக்கு அதில் கட்டமே இல்லை. அதன்பின் போப் சேர்த்தது 86 ரன்.

பேஸ்பாலில் ஃபீல்டர் சொதப்பினால், ஸ்கோரர் அதை அவர் பெயரிலேயே பிழையாக எழுதிவிடுவார். அங்கே இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப், நம் பாயின்ட் ஃபீல்டருக்குப் பங்காளி முறை. டொமினிக்கன் குடியரசில் 16 வயதுப் பையன்களை வளைத்துப்போடும் அமெரிக்க அணிகளின் ஸ்கவுட்கள், அடிப்பது, தூக்கி அடிப்பது, ஓட்டம், ஃபீல்டிங், த்ரோ என ஐந்துக்கும் 20 முதல் 80 வரை தனித்தனியாக மார்க் போடுகிறார்கள். ஷார்ட்ஸ்டாப்பில் தேறியவனைப் பின்னாளில் வேறு இடத்துக்கு மாற்றுவது சுலபம். வேறு இடத்தில் ஆடியவனை ஷார்ட்ஸ்டாப் ஆக்குவது கடினம். அந்தப் பையன்களுக்குக் கிராக்கி அதனால்தான்.

நம் ஐபிஎல் அணிகளுக்குக் கண் இல்லாமல் இல்லை. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 40 லட்சத்துக்கும், ஆந்திரத்து நிதிஷ் குமார் ரெட்டியை 20 லட்சத்துக்கும் எடுத்தது இதே உப்பல் அணியான சன்ரைசர்ஸ்தான். ஆனால் ஏலத்தில் விலையை ஏற்றுவது ஸ்ட்ரைக் ரேட்டும் யார்க்கரும்தான். போதாக்குறைக்கு 2023-ல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதி, ஃபீல்டிங் சுமாரான பேட்ஸ்மேனை அடிக்க மட்டும் இறக்கிவிட்டு, ஃபீல்டிங் நேரத்தில் வெளியே உட்காரவைக்க வழிசெய்துவிட்டது.

இத்தனைக்கும் ஹைதராபாத் ஃபீல்டிங்கில் பேர்போன ஊர். அசாருதீன் ஒருநாள் போட்டிகளில் பிடித்த கேட்சுகள் 156. இந்திய அணியின் ஃபீல்டிங் பயிற்சியாளராக நெடுநாள் இருந்த ஆர்.ஸ்ரீதரும், 2021-ல் அவரிடமிருந்து பொறுப்பேற்ற டி.திலீப்பும் ஹைதராபாத்காரர்கள். 2023 உலகக் கோப்பையில் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் சிறந்த ஃபீல்டருக்குப் பதக்கம் என்று திலீப் ஆரம்பித்தார். சேப்பாக்கத்தில் முதல் பதக்கத்தை வாங்கிய கோலியின் குதூகலத்தை நாடே பார்த்தது. கோலிக்கே பதக்கம் ஆசை காட்டுகிறது என்றால், 17 வயதுப் பையனுக்கு மார்க் காட்டாதா?

லீக் ஆட்டங்களுக்குப் போகும் ஸ்கவுட்கள் ஒரு ஓவராவது பேட்ஸ்மேனை விட்டுவிட்டுப் பாயின்ட்டைப் பார்க்கட்டும். பவுலர் ஓடி வரும்போது அவனும் நடந்து வருகிறானா? மட்டையில் பந்து படும் நொடியில் குதிகாலில் நிற்கிறானா, முன்பாதத்திலா? இடப்பக்கம் போகும் பந்தைக் குனிந்து அள்ளியவன், எறிவதற்குள் எத்தனை எட்டு வைக்கிறான்? அவன் கைக்குப் பந்து போனதும் எதிர்முனை பேட்ஸ்மேன் ஓடத் தயங்குகிறாரா? அந்தத் தயக்கத்தில் மிச்சமாகும் சிங்கிள் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

பேட்டிங் ஃபார்ம் வரும், போகும். நல்ல ஃபீல்டர் டக் அவுட் ஆன அன்றும் பத்து ரன் மிச்சம் பிடித்துக் கொடுப்பான். ஏலப் பட்டியலில் இருவர் சரிசமமாக நின்றால், பாயின்ட்டில் நிற்கத் தெரிந்தவனுக்கே அணிகள் கையைத் தூக்கட்டும்.