ஹைப்புசினை ரசிப்பது எப்படி?

நம் உடலில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருந்தாலும், ஹைப்புசின் என்ற அமினோ அமிலம் இருப்பது இ.ஐ.எஃப்.5ஏ என்ற புரதத்தில் மட்டும்தான். புரத உற்பத்திக்குத் துணைநிற்கும் காரணி அது. 1971-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மாட்டு மூளையிலிருந்து ஹைப்புசினைப் பிரித்தெடுத்தார்கள். டி.என்.ஏ.வில் இதற்கெனக் குறியீடு கிடையாது. புரதம் உருவான பிறகே இது செய்யப்படுகிறது.

முதலில் வரைந்து பாருங்கள்

லைசினின் பக்கச்சங்கிலியைத் தாளில் வரையுங்கள்: நான்கு கார்பன், முனையில் ஒரு நைட்ரஜன். அதோடு இன்னும் நான்கு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேருங்கள். புதிய கார்பன்களில் இரண்டாவதில் ஒரு ஹைட்ராக்சில் வையுங்கள். ஹைப்புசின் வந்துவிட்டது. மனிதரில் 154 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில், 50-ஆவது லைசின் மட்டுமே இப்படி நீள்கிறது. ஸ்பெர்மிடின் என்ற மூலக்கூறின் ஒரு துண்டை எடுத்து ஒட்ட ஒரு நொதி, ஹைட்ராக்சில் சேர்க்க இன்னொன்று. ஓர் இடத்தை மாற்றுவதற்காகவே இரண்டு நொதிகள்!

எதை எட்டுகிறது என்று கவனியுங்கள்

புரோலின் விறைப்பான அமினோ அமிலம். மூன்று புரோலின்கள் அடுத்தடுத்து வந்தால், அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் ரைபோசோம் திணறி நின்றுவிடும். அப்போது இ.ஐ.எஃப்.5ஏ பக்கத்துக் காலியிடத்தில் வந்து அமர்கிறது. அதன் ஹைப்புசின், பிணைப்பு உருவாகும் மையம்வரை நீண்டு, அங்கே அமினோ அமிலத்தைச் சுமந்து நிற்கும் கடத்து ஆர்.என்.ஏ.வின் முனையை நிலைப்படுத்துகிறது. வேலை மறுபடி ஓடுகிறது. வெறும் லைசினுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. நீங்கள் வரைந்த நீளத்தின் அர்த்தம் இங்கேதான் விளங்கும். ஈஸ்ட் ரைபோசோமில் இது அமர்ந்திருக்கும் முப்பரிமாண வடிவத்தைப் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில் எவரும் இலவசமாகச் சுழற்றிப் பார்க்கலாம்.

பிறகு பாக்டீரியாவோடு ஒப்பிடுங்கள்

பாக்டீரியாவில் இதே வேலையைச் செய்வது இ.எஃப்.-பி என்ற உறவுப் புரதம். ஈ. கோலையில் அதன் லைசின்மேல் பீட்டா-லைசின் ஏறியிருக்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் லைசினே இல்லை. அந்த இடத்து ஆர்ஜினின்மேல் ராம்னோஸ் என்ற சர்க்கரை. தேவை ஒன்று, அதற்கு உயிர்கள் கண்ட வழிகளோ வேறுவேறு. ஹைப்புசினை ரசிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஒப்பீடுதான் பெருவிருந்து.

இனி ஏதாவது மனிதப் புரதத்தின் வரிசையைப் பார்த்தால், தொடர்ச்சியாக மூன்று புரோலின் வருகிறதா என்று தேடுங்கள். வந்தால், அந்த இடத்தைக் கடக்க ரைபோசோமுக்கு ஹைப்புசினின் கை தேவைப்பட்டிருக்கும்.