அடக்குதலும் சுகமாக்குதலும்: சென்னை மூளை அறுவை ஆய்வுகளைப் பற்றிய ஒரு திறனாய்வு

மருத்துவ அறிவியலைப் பற்றி நம் திருச்சபை ஏடுகளில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகையின. ஒன்று நன்றி கூறுவது, மற்றொன்று எச்சரிப்பது. மருத்துவர்கள் எழுதியவற்றையே எடுத்து, ஒரு திருமறைப் பகுதியை வாசிக்கும் கவனத்தோடு வாசித்துப் பார்ப்பது அரிதாகவே நிகழ்கிறது. அவ்வாறு வாசிக்கும் முயற்சியே இக்கட்டுரை. இதற்கு நம்மைத் தூண்டியது ஒரு தாயின் கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவுடையார்கோவில் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், எம் சபையைச் சேர்ந்த குடும்பம் ஒன்று உள்ளது. மகனுக்குப் பத்தொன்பது வயது. சிறுவயது முதல் வலிப்பு. கடந்த சில ஆண்டுகளாக வலிப்புக்கு இடையிடையே கடுஞ்சினம் மூண்டு, கையில் கிடைத்ததை எறிவதும் தங்கையை அடிப்பதும் வழக்கமாகிவிட்டது. விருந்தினர் வரும் நாள்களில் அவரைப் பின்னறையில் வைத்துப் பூட்டுகின்றனர். வீட்டு ஜெபத்தை முடித்து நாம் எழுந்தபோது தாய் கேட்டார்: "ஐயா, தலையில ஆப்ரேசன் பண்ணுனா இவன் அடங்கிருவானா?"

அடங்குதல் என்னும் அச்சொல் நம்மை விட்டு அகலவில்லை. ஏனெனில், அரை நூற்றாண்டிற்கு முன் சென்னை மருத்துவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுரைகளில் ஏறத்தாழ அதே சொல்லை நாம் சந்தித்திருந்தோம்.

தமிழகத்தில் நரம்பியல் அறுவை மருத்துவம் வேரூன்றிய வரலாறு பெருமைக்குரியது. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். கனடாவின் மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர் அவர். வலிப்பு நோய்க்கான மூளை அறுவையை நம் நாட்டில் தொடங்கி வைத்தவரும் அவரே. அடுத்த ஆண்டு, 1950இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி இத்துறையை நிறுவினார். டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவராகிய டாக்டர் டி. எஸ். கனகாவும் அவரோடு இணைந்து உழைத்தனர். மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளியை, தலையில் பொருத்திய சட்டத்தின் துணையாலும் கதிர்ப்படங்களின் துணையாலும் அளந்தறிந்து, சிறு துளையின் வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி அடையும் 'ஸ்டீரியோடாக்டிக்' முறையில் இவர்கள் உலகறிந்த வல்லுநர்களாயினர். நடுக்குவாதத்தால் கை நடுங்கியவர்கள் பலர் இவர்களால் பயனடைந்தனர்.

இம்முறை, நடத்தைக் கோளாறுகளுக்கும் பயன்படுத்தப்பட்டபோதுதான் நம் ஆய்வுக்குரிய பொருள் தோன்றியது. அச்சம், சினம் ஆகியவற்றோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியில் சிறு அழிவை ஏற்படுத்தி மூர்க்கத்தைத் தணிக்கலாம் என்பதை ஜப்பானில் நராபயாஷியும், ஹைப்போதலாமஸின் ஒரு பகுதியை அவ்வாறே அழிக்கலாம் என்பதைச் சானோவும் 1960களின் தொடக்கத்தில் எழுதினர். சென்னைக் குழுவினர் இவ்விரண்டையும் மேற்கொண்டனர். 'செடேட்டிவ் நியூரோசர்ஜரி', அதாவது தணிப்பு அறுவை, என்பது இதற்கு வழங்கிய பெயர். 1988இல் இராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரையின்படி, 28 ஆண்டுகளில் இவ்வகையில் செய்யப்பட்ட அறுவைகள் 603. அவற்றுள் 481 அமிக்டலாவிலும் 122 ஹைப்போதலாமஸிலும் செய்யப்பட்டவை. உலகில் வேறெங்கும் இத்தகைய பெருந்தொகையைக் காண்பது அரிது.

1970ஆம் ஆண்டையொட்டிப் பாலசுப்பிரமணியம் முதலானோர் எழுதிய ஆய்வுரைகளில் மூன்று இடங்களை நாம் ஊன்றி வாசிக்க விரும்புகிறோம். முதலாவது, தணிப்பு அறுவைக்கு அவர்கள் தரும் இலக்கணம். அறுவையின் வழியே நோயாளியைச் சாந்தமானவராகவும் சமாளிக்கத்தக்கவராகவும் ஆக்குவதே இதன் நோக்கம் என்பது அதன் சாரம். சாந்தம் என்பது ஒருவேளை நோயாளியே உணரக்கூடிய ஒரு நிலை. சமாளிக்கத்தக்க தன்மையோ அப்படியன்று. அது எப்போதும் மற்றொருவரின் கையிலிருந்து அளக்கப்படுவது. தன்னைத் தானே 'சமாளிக்கத்தக்கவன்' என்று எவரும் கூறிக்கொள்வதில்லை.

இரண்டாவது, பயனை அளக்க வகுத்த தரவரிசை. மருந்தே தேவைப்படாமல் பிறரோடு கலந்து பழகுவோர் முதல் தரம். மிகவும் சாதுவாகி எப்போதேனும் மட்டும் சீறுவோர் இரண்டாம் தரம். பயனுள்ள வாழ்வு நடத்தாவிடினும் மருந்தின் துணையோடு சமாளிக்கக் கூடியோர் மூன்றாம் தரம். இப்படியே இறங்கி, தற்காலிக மாற்றம், மாற்றமின்மை, இறுதியாக மரணம். இவ்வரிசையில் மூன்றாம் தரத்தை நாம் பலமுறை வாசித்தோம். வாழ்வு பயனற்றதாயினும் பிறர்க்குத் தொல்லையில்லை என்பது தோல்வியின் பக்கம் வைக்கப்படவில்லை. ஆறு தரங்களுள் ஒன்றேனும், அறுவைக்குப்பின் நோயாளி தன்னைப்பற்றி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. முதல் தரம் மட்டுமே மனித உறவைப் பேசுகிறது என்பதையும் நேர்மையோடு குறிப்பிடவேண்டும்.

மூன்றாவது, ஒரு நோயாளியைப் பற்றிய சிறு குறிப்பு. மருத்துவமனையில் உடனிருந்தவர்களையும் மருத்துவர்களையும் தாக்கி வந்த ஒருவர், அறுவைக்குப்பின் அதே வார்டில் பிற நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளராக மாறினாராம். எழுதியவர்கள் இதை மகிழ்ச்சியோடு எழுதினர், அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஆயினும் அவர் வீட்டிற்குச் சென்றாரா என்று நாம் கேட்கிறோம். வார்டுக்கு உதவியானவர் வார்டிலேயே இருந்துவிட்டாரெனில், அவர் யாருக்காகச் சுகமானார்?

இவ்வறுவைக்கு உட்பட்டோருள் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும், வலிப்போடு கட்டுக்கடங்காத ஓட்டமும் மூர்க்கமும் கொண்ட சிறுவரும் பலர். ஒப்புதல் தந்தவர் பெற்றோர்.

இம்மருத்துவர்களைக் கொடியவர்களாகக் காட்டுவது நம் எண்ணமன்று, அது உண்மையுமன்று. அக்காலத்தில் இன்றுள்ள மருந்துகள் பல இல்லை. சிறப்புப் பள்ளிகளோ மிகச் சில. தூணில் கட்டப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனை வாயிலில் நின்ற பெற்றோரைக் கண்டு, தம் கையில் இருந்த ஒரே கருவியை அவர்கள் எடுத்தனர். மேலைநாட்டிலோ, இதற்குமுன் வந்த லோபாட்டமி அறுவையைப் புகுத்திய எகாஸ் மோனிஸுக்கு 1949இல் நோபெல் பரிசே வழங்கப்பட்டது. எனவே சென்னையைத் தனித்துச் சாடுவது நியாயமாகாது. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில நீதிமன்றம் ஒன்று, காவலில் அடைக்கப்பட்ட ஒருவர் இத்தகைய பரிசோதனை அறுவைக்கு மெய்யான ஒப்புதல் தர இயலாது என்று தீர்ப்பளித்தது. பின்னறையில் பூட்டப்பட்டவருக்கும் இது பொருந்துமன்றோ என்னும் ஐயம் நமக்கு எழாமலில்லை.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளில் குடியிருந்த மனிதனின் வரலாற்றை இவ்வாய்வுரைகளின் அருகே வைத்து வாசிப்போம். ஊரார் அவனை விலங்கிட்டுப் பார்த்தனர். அவனை அடக்க ஒருவராலும் இயலவில்லை என்கிறார் மாற்கு. அங்கு வரும் கிரேக்க வினை 'தமாசோ'. புதிய ஏற்பாட்டில் இவ்வினை வேறொரு பகுதியில் மட்டுமே வருகிறது: காட்டு விலங்குகளைப் பழக்குவதையும் நாவை அடக்க இயலாமையையும் பற்றி யாக்கோபு மூன்றாம் அதிகாரம் பேசுமிடத்தில். ஆக, ஊரார் முயன்றது விலங்கைப் பழக்கும் செயல். இயேசு செய்ததற்கு மாற்கு இவ்வினையைப் பயன்படுத்தவில்லை.

அவனும் உடுத்தி, உட்கார்ந்து, அமைதியாகத்தானே இருந்தான் என்று மறுப்புரைக்கலாம். உண்மை. அறுவையாளரின் தரவரிசையில் அவனுக்கு முதல் தரம் கிடைத்திருக்கும். ஆனால் மாற்கு அங்கே நிறுத்தவில்லை என்பதை நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பன்றிக் கூட்டத்தின் மேல் நமக்குள்ள ஆர்வம் அப்படி. தெளிந்த மனிதன் முதலாவது செய்வது ஒரு வேண்டுகோள். தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறு கேட்கிறான். இயேசு அதற்கு இணங்கவில்லை. இணங்காமையும் ஒரு மரியாதையே. மறுக்கப்படக்கூடிய ஒரு விருப்பம் அவனிடம் உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. பின்பு அவன் தன் வீட்டாரிடம் அனுப்பப்படுகிறான். தெக்கப்போலி நாடெங்கும் பேசித் திரிகிறான். முன்பு அவன் வாயிலிருந்து வந்தது 'லேகியோன்' என்னும் படையின் பெயர். இப்போது வருவது அவனுடைய சொந்தச் சொல். ஊருக்கு இது அமைதியைத் தரவில்லை, அச்சத்தையே தந்தது. சமாளிக்கத்தக்கவனாக அவன் மாறியிருந்தால் அவர்கள் இயேசுவைத் தங்கள் எல்லையை விட்டுப் போகும்படி வேண்டியிருக்கமாட்டார்கள்.

இவ்வாசிப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. பேச்சே இல்லாத பிள்ளையை என் செய்வது? சொல்லைச் சுகத்தின் அளவுகோலாக்கினால் அப்பிள்ளைக்கு நாமும் ஒரு தாழ்ந்த தரத்தையே ஒதுக்கியவர்களாவோம். ஆனால் பேசாத பிள்ளைக்கும் விருப்பும் வெறுப்பும் உண்டு. எந்தக் கிண்ணத்தில் சோறிட்டால் உண்ணும், எந்த ஓசைக்கு அஞ்சும் என்பதைத் தாய் அறிவாள். அத்தாயின் இந்த அறிவையே மருத்துவர் கேட்கவேண்டும். அவளுடைய களைப்பு வேறு. அதற்கும் ஆறுதல் வேண்டும், ஆனால் பிள்ளையின் மூளையை அறுத்து அன்று.

கல்லெறிய நமக்குத் தகுதியுண்டா என்பதையும் பார்க்கவேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அதைப் பிற சமயத்தாரின் மூடநம்பிக்கை என்று நாம் கைகழுவ இயலாது. நம் ஜெப வீடுகளிலும் சங்கிலிகள் இருந்திருக்கின்றன. சுகமளிக்கும் கூட்டங்களில் சாட்சி கூறுவோர் யார்? 'இப்போது அமைதியாயிருக்கிறான்' என்று தாயோ அண்ணனோ ஒலிபெருக்கியில் கூறுவர். சுகமானவர் அருகே தலைகுனிந்து நிற்பார். நாமும் அவரைக் கேட்டதில்லை. வலிப்புற்ற மகனைக் குறிக்க நம் பழைய திருப்புதல் மத்தேயுவில் வழங்கும் 'சந்திரரோகி' என்னும் சொல்லைச் சபையில் விளக்காமலே வாசித்துப் பேயையும் நோயையும் குழப்பிவிட்டவர்களும் நாமே.

இன்றைய நிலை பெரிதும் மாறியுள்ளது. அழிப்பதற்குப் பதிலாக மின்முனையைப் பதித்து மெல்லிய மின்தூண்டல் தரும் முறை வந்துவிட்டது, வேண்டாதபோது நிறுத்தலாம். இதனால் அறநெறிக் கேள்வி தீர்ந்தது என்போரோடு நாம் உடன்படவில்லை. தூண்டலைக் கூட்டுவதும் குறைப்பதும் யார் கையில்? கருவிக்குப் பல இலட்சம் ரூபாய். மின்கலம் தீர்ந்தால் மறுபடியும் அறுவை. ஒவ்வொரு சீரமைப்புக்கும் பெருநகரப் பயணம். மணமேல்குடியிலிருந்து அடிக்கடி சென்னை சென்று வர எந்தக் கூலித் தொழிலாளியால் இயலும்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, மனநோய்க்கான மூளை அறுவைக்கு, அறுவைக்கு உட்படுபவரின் அறிந்த ஒப்புதலும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது. நல்ல வேலி. ஆனால் அதே சட்டம் மனநோய்க்குத் தரும் இலக்கணத்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை விலக்கிவிடுகிறது. சென்னையின் அறுவைப் பட்டியலில் இருந்தவருள் பலர் அத்தகைய பிள்ளைகள். வேலி, யாரைக் காக்க வேண்டுமோ அவர்களில் ஒரு பகுதியினருக்கு அப்புறத்தே நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆராய்ச்சியைப் பொறுத்தவரை இக்குறையை ஓரளவு அடைக்கிறது: உறுப்பினருள் பாதிக்குக் குறையாதோர் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்தம் அமைப்பினராகவோ உள்ள குழுவின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. சிகிச்சை என்று பெயரிட்டுச் செய்வதை அது அதே அளவு தொடவில்லை.

வலிப்பைக் குணப்படுத்தும் அறுவையை இதனோடு குழப்பக்கூடாது. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள 116 இளையோருள், ஓராண்டிற்குப்பின் வலிப்பின்றி இருந்தோர் அறுவை பெற்றவருள் 77 விழுக்காடு. மருந்து மட்டும் பெற்றவருள் 7 விழுக்காடு. அறுவை பெற்றவருள் மூன்றில் ஒருவருக்குக் கடும் பக்கவிளைவு, பெரும்பாலும் ஒரு பக்கத் தளர்ச்சி, ஏற்பட்டதையும் அவர்கள் மறைக்கவில்லை. நாம் கவனித்தது வேறொன்று. நடத்தையோடு வாழ்க்கைத் தரத்தையும் அவர்கள் தனியே அளந்தனர். சென்னைத் தரவரிசையில் இல்லாத ஒரு கட்டம் இங்கே திறந்திருக்கிறது.

அந்தத் தாயின் கேள்விக்கு அன்று நாம் விடை கூறவில்லை. மகனிடம் கேட்கலாமா என்றோம். அவர் தயங்கி, பின்பு கதவைத் திறந்தார். தம்பி, உனக்கு என்னப்பா வேண்டும் என்று கேட்டதற்கு, மாத்திரை போட்டால் நாள் முழுதும் தூக்கமாக வருகிறது, தூங்கி எழுந்தால் எல்லார் மேலும் கோபம் வருகிறது, பூட்டினால் மூச்சு முட்டுகிறது என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தங்கையை அடித்தது நினைவில் இல்லை என்றும் சொன்னார். இவற்றை ஒரு தாளில் எழுதி, தஞ்சையிலுள்ள நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் மூவருமாகச் சென்றோம். அவர் தாளை வாசித்துவிட்டு, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மகனையே பார்த்துக் கேட்டார். இப்போது மருந்து மாற்றப்பட்டிருக்கிறது. அறுவையைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்றிருக்கிறார். சினம் முற்றிலும் தணியவில்லை. பின்னறைக் கதவின் பூட்டைத் தாய் இன்னும் எடுத்துவிடவில்லை. ஆனால் அடுத்த முறை தஞ்சைக்குப் போகும்போது கேட்கவேண்டியவற்றை மகன் எழுதி வைத்திருக்கிறார்.