தொப்பி ஊசி வைத்தியம்

முதல் நெடுந்தூர மோட்டார் பயணத்தில் எனக்குப் பிடித்தது, வண்டி ஓடிய இடங்களைவிட அது மக்கர் பண்ணிய இடங்கள்தான்.

1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லிக்கொள்ளாமல், இரு மகன்களோடு அவருடைய மூன்று சக்கர வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார் பெர்த்தா. நூறு கிலோமீட்டருக்கு மேல். அதுவும் குதிரைவண்டிப் பாதையில்.

எரிபொருள் தீர்ந்ததும், வழியில் வீஸ்லாக் ஊர் மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கினார். கறை நீக்க விற்ற திரவம் அது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியை உருவி, குத்திச் சுத்தம் செய்தார். பற்றவைப்புக் கம்பியின் உறை தேய்ந்ததும், காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். இறக்கங்களில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோக, செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்தது இப்படித்தான். மேடு வந்தால், மகன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, மேடேற உதவும் கியரைச் சேர்த்தார் கார்ல். வண்டியைச் செய்தவர் அவர். அதற்கு என்ன குறை என்று ஓட்டிப் பார்த்துச் சொன்னவர் பெர்த்தா. பொறியியலில் இரண்டாவது வேலை இளைத்ததல்ல.