ஒத்திக்கு விட்ட வீடும் ஒற்றி வைத்த காணியும்

இரண்டாவதாக ஒரு வீடோ மனையோ வாங்க நினைப்பவருக்கு முதலில் எழும் கேள்வி, பணத்துக்கு வங்கிக்குப் போவதா, இருக்கிற வீட்டை ஒத்திக்கு விடுவதா என்பதுதான். மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கம் ஒத்தி என்பார்கள், சென்னையில் லீசு. குடிவருபவர் மொத்தமாக ஒரு தொகை தருவார். வாடகை கிடையாது, வட்டியும் கிடையாது. கெடு முடிந்ததும் தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வயலும் தோட்டக் காணியும் இதே முறையில் ஒற்றிக்குப் போகும். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களின் அதிகாரி கிளாஸ் ஈசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே ஒற்றிக்கு இடம் உண்டு.

இதை வட்டியில்லாப் பணம் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மாதம் 8,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டை 8 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டால், ஆண்டுக்கு 96,000 ரூபாய் வாடகை கைவிட்டுப் போகிறது. கணக்குப் பார்த்தால் 12 சதவீத வட்டி. 9 சதவீதத்தில் வங்கிக் கடன் கிடைக்குமானால் முதல் ஆண்டு வட்டி 72,000-ஐத் தாண்டாது. ஆனால் இதே கணக்கு இலங்கையில் தலைகீழாகப் போன காலமும் உண்டு. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த ஆண்டில் வங்கிக் கடன் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிப் போனது. அப்போது 12 சதவீத வருமானத்தை விட்டுக்கொடுத்து மொத்தப் பணம் வாங்கியவருக்கு லாபம்தான். இந்தியாவில் 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கியின் கொள்கை வட்டியான ரெப்போ விகிதம் 4-இலிருந்து 6.5 சதவீதத்துக்குத்தான் ஏறியது. ஆகவே ஒத்தித் தொகையைப் பேசும் முன், விட்டுக்கொடுக்கும் வாடகையை அன்றைய வங்கி வட்டியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

பத்திர விஷயத்தில் இலங்கை வழக்கமே எனக்குப் பிடிக்கிறது. அங்கே 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியை ஈடு வைக்கும் உறுதி நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதே விதி. இந்தியச் சட்டமும் இளக்கமானதல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 100 ரூபாயும் அதற்கு மேலும் போகும் இத்தகைய அடமானத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் நடப்பில் முத்திரைத்தாளில் நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, லட்சங்களைக் கொடுத்துவிட்டுக் குடிவந்துவிடுகிறார்கள். பதிவில்லாத தாள் அடமானமாக நிற்காது. வீட்டின் மேல் பிடியில்லாமல், பணத்துக்கு மட்டும் வழக்காட வேண்டிய நிலை வரும். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து தவணை தவறினால் நிலைமை இன்னும் மோசம். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி நீதிமன்ற வழக்கில்லாமலே வீட்டை எடுக்கலாம். இலங்கை வங்கிகளுக்கும் 1990-ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய அதிகாரத்தைத் தந்தது. வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

வாடகைக்கு விட்டுப் பராமரிப்பவர்களுக்குக் கவலை வேறு: ஆள் வெளியேறுவாரா? தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. இலங்கையில் 1972-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பெரும் பாதுகாப்பு அளித்தது. குத்தகைக் காலம் முடிந்த கட்டடத்தை உரிமையாளர் விரைவாக மீட்க 2023-இல் தனிச் சட்டம் வந்தது.

ஒத்தியை மீட்கப் பணம் சேராமல், விற்றுத் தீர்த்துவிடலாம் என்று வரும்போது வடமாகாணத்தில் இன்னொரு படி உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட காணி என்றால் 1947-ஆம் ஆண்டின் சட்டப்படி பங்காளிகளுக்கும் வாரிசாகக் கூடியவர்களுக்கும் முதலில் அறிவித்தாக வேண்டும். வாங்க அவர்களுக்கே முன்னுரிமை. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்தில் காணி வாங்குபவர்கள், விலை பேசும்போதே அந்த அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று நொத்தாரிசிடம் கேட்டுவிட வேண்டும்.