ஒரு வயது வேகன்ஆர் என்ன விலைக்குப் போகும்?

2025 செப்டம்பர் 22ஆம் தேதி, இந்தியாவில் சின்ன கார் வைத்திருந்தவர்கள் எல்லோருடைய சொத்து மதிப்பும் ஒரே நாளில் கொஞ்சம் கரைந்தது. யாரும் காரை எங்கேயும் இடிக்கவில்லை, இன்ஜினிலும் கோளாறில்லை. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் இன்ஜினும் கொண்ட கார்களுக்கு அதுவரை 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் 1 சதவீத செஸ்ஸும் இருந்தன. அன்று முதல் மொத்தமே 18 சதவீதம்தான். மாருதி நிறுவனம் வேகன்ஆரின் விலையை 79,600 ரூபாய் வரை குறைத்து, ஆரம்ப விலை 4,98,900 ரூபாய் என்று அறிவித்தது. ஸ்விஃப்ட் 5,78,900, ஆல்டோ கே10 3,69,900. புதுசு எடுக்கக் காத்திருந்தவர்களுக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்தது. ஆகஸ்டில் டெலிவரி எடுத்தவருக்கு அதே அறிவிப்பு வயிற்றெரிச்சல்.

அந்த ஆகஸ்ட் வேகன்ஆரை ஒரு வருடம் ஓட்டிவிட்டு விற்கப் போனால் என்ன கிடைக்கும்? சாதாரணமாக கார் விமர்சனத்தில் மைலேஜ் பார்ப்பார்கள், பிக்-அப் பார்ப்பார்கள், பின்சீட்டில் மூன்று பேர் உட்கார முடிகிறதா என்று பார்ப்பார்கள். விற்கும்போது என்ன மிஞ்சும் என்பதும் காரின் குணங்களில் ஒன்றுதான். ஆனால் அதை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

விற்பவர் வாயில் முதலில் வருவது, "ஆறே முக்கால் லட்சம் ஆச்சுங்க, இன்னும் பெயின்ட் வாசனைகூடப் போகல" என்பது. வாங்க வந்தவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. இதே காரை இன்றைக்கே புதிதாக எடுத்தால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் அவர் மனதில் ஓடும். ஏழெட்டு வயதுக் காரை விற்கும்போது இந்தக் கேள்வி அவ்வளவாக உறுத்தாது. ஒரு வயதுக் காருக்குப் போட்டியே ஷோரூமில் நிற்கிற புதுக் கார்தான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். வரி குறைவதற்கு முன் அடிப்படை வேகன்ஆரின் எக்ஸ்-ஷோரூம் விலை 5,78,500 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். எக்ஸ்-ஷோரூம் விலைமேல் கணக்கிட்டால் வரி 75,205 ரூபாய் வருகிறது. காப்பீடு, பாஸ்டேக் என்று இதரச் செலவுகளையும் சேர்த்தால் ஆன்-ரோடு விலை ஆறே முக்கால் லட்சத்தை எட்டிவிடும். செப்டம்பருக்குப் பிறகு அதே கார் 4,98,900. இது 5 லட்சத்துக்குக் கீழே விழுந்துவிட்டதால் ஆயுள் வரியும் 12 சதவீதப் படிக்கு இறங்கி 59,868 ஆகிறது. விலையில் 79,600, வரியில் 15,337. ஆக, கார் ஓர் அங்குலம் நகராமலேயே ஏறத்தாழ 95,000 ரூபாய் போய்விட்டது. புதுசு இப்போது ஐந்தே முக்கால் லட்சத்தைச் சற்றுத் தாண்டினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

அப்படியானால் ஆர்.சி.யில் இரண்டாவது ஓனராகப் பெயர் ஏற, ஒருவர் எவ்வளவு தள்ளுபடி கேட்பார்? 20,000, 30,000 என்றால் அவர் வரவே மாட்டார். "இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுசே எடுத்துடலாமே" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். புதுக் காருக்குக் கிடைக்கும் வங்கிக் கடனின் வட்டியும் பழைய காருக்கானதைவிடப் பெரும்பாலும் குறைவு. ஒரு லட்சமாவது மிச்சமானால்தான் பேச்சு தொடங்கும். அதாவது நேரடியாக வாங்குபவர் நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி நிற்பார். நடுவில் வியாபாரி இருந்தால் அவருடைய லாபம், பாலிஷ் செலவு, கார் விற்காமல் நிற்கிற நாட்களின் வட்டி எல்லாம் இதிலிருந்துதான் கழியும். நாலே கால், நாலரை என்று அவர் பேசுவதை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது.

காப்பீட்டு உலகமும் இதே வழியில்தான் யோசிக்கிறது. பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். கார் திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ நிறுவனம் தரக்கூடிய உச்சவரம்பு அது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20 என்று அதில் தேய்மானம் கழிப்பார்கள். எதிலிருந்து கழிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். நீங்கள் கொடுத்த விலையிலிருந்து அல்ல, பாலிசி தொடங்கும் அல்லது புதுப்பிக்கும் நாளில் தயாரிப்பாளர் அறிவித்திருக்கும் விலையிலிருந்து. 5,78,500இல் 15 சதவீதம் கழித்தால் 4,91,725 வரும். 4,98,900இல் கழித்தால் 4,24,065தான். சாலை வரி இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. விற்பனைப் பேச்சில் ஐ.டி.வி.யைத் தரைவிலைபோலக் காட்டுகிறவர்கள் உண்டு. வியாபாரிகள் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த கேள்வி இப்போதெல்லாம், "இதுல எத்தனை ஏர்பேக்?" 2025 மே மாதத்தில் மாருதி நிறுவனம் வேகன்ஆர், ஆல்டோ கே10, செலேரியோ ஆகியவற்றின் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கியது. அந்த வருடம் ஜனவரியில் எடுத்த வேகன்ஆரில் இரண்டுதான். அதன் சொந்தக்காரருக்கு நான்கு மாதத்தில் ஓர் அடி, எட்டு மாதத்தில் இன்னோர் அடி. புதியது பாதுகாப்பானதாகவும் ஆகிவிட்டது, மலிவாகவும் ஆகிவிட்டது. ஸ்விஃப்ட் வைத்திருந்தவர்கள் இதன் முதல் பாதியை 2024 மே மாதமே பார்த்துவிட்டார்கள். நான்காம் தலைமுறை ஸ்விஃப்ட் வந்த அன்றே முந்தைய மாடல் 'பழைய ஷேப்' ஆகிவிட்டது. பழையதில் நான்கு சிலிண்டர் இன்ஜின், புதியதில் மூன்று. ஓட்டத் தெரிந்தவர்கள் சிலர் அதற்காகவே பழையதைத் தேடுகிறார்கள் என்பது உண்மை. சந்தை விலை அவர்களைக் கேட்டு முடிவாவதில்லை.

இனி காரைப் பார்க்க வருகிறவர் என்ன செய்கிறார் என்று கவனிக்கலாம். புதிதுபோல இருக்கிற காரைத்தான் அதிகம் சந்தேகிப்பார்கள். நல்ல கார் என்றால் இவ்வளவு சீக்கிரம் ஏன் விற்கிறார் என்று எவருக்கும் தோன்றும். கையடக்கமான பெயின்ட் மீட்டரை ஒவ்வொரு கதவிலும் வைப்பார். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது. பானட்டைத் தூக்கி, கீல் போல்ட்டுகளின் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஸ்பேனர் பட்ட தடம் பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2325 என்றால் 2025இன் 23ஆவது வாரம். ஒரு வயதுக் காரில் நான்கு டயரும் நான்கு தேதியில் இருந்தால் அதற்குக் கதை சொல்லியாக வேண்டும். மீட்டரைப் பின்னால் சுற்றியிருக்கிறார்களா என்பதைக் கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டில் சரிபார்ப்பார். சர்வீஸுக்கு விட்ட ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் அதில் பதிவாகியிருக்கும்.

சென்னைக் கார் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் கற்றுக்கொடுத்த பாடம் அது. மேல்பகுதியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட் சுருளின் அடியில் சேற்றுக் கோடு நிற்கும், சீட்டுக்கு அடியில் ஓடும் தண்டவாளத்தில் துரு ஏறியிருக்கும். வெளியூரில் இருந்துகொண்டு சென்னைக் காரை போட்டோ பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இரண்டையாவது நேரில் பார்க்கட்டும்.

விற்க வழிகள் மூன்று. கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற செயலிகள் 2015 வாக்கில் கிளம்பியவை. பதிவு எண்ணைத் தட்டியதும் மாடல், வருடம், எத்தனையாவது ஓனர் என்று தானாக நிரம்பி, ஒரு விலை வரம்பு வந்துவிடும். ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், பணமும் வேகமாக வந்து சேரும். ஆனால் திரையில் முதலில் தெரிகிற தொகை வெறும் அழைப்பிதழ். நேரில் பார்த்த பிறகு சொல்லும் தொகைதான் விலை. இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு கீறல், ஒரு தேய்ந்த டயர், ஒரு தொலைந்த இரண்டாம் சாவி வந்து நிற்கும். அந்த விலையும் சில நாள்தான் செல்லும். வேகம் வேண்டியவருக்கு இது சரியான வழி. பேரம் பேசத் தெரிந்தவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இரண்டாவது, ஷோரூம் எக்ஸ்சேஞ்ச். மாருதியின் ட்ரூ வேல்யூ 2001லிருந்து இருக்கிறது. மற்ற பெரிய நிறுவனங்களும் இப்படி ஒரு கடை வைத்திருக்கின்றன. இங்கே ஏமாற இடம் ஒன்று உண்டு. பழைய காருக்குக் கூடுதலாகக் கொடுப்பதுபோலக் காட்டி, புதுக் காரின் தள்ளுபடியில் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு ஷோரூம் பழைய காருக்கு 4.80 லட்சம் தந்து, புதுசில் 10,000 தள்ளுகிறது. இன்னொன்று 4.60 தந்து 40,000 தள்ளுகிறது. முதலாவது காதுக்கு இனிமை, ஆனால் இரண்டாவதில்தான் 10,000 லாபம். அதனால் முதல் நாள் பழைய கார் இருப்பதைச் சொல்லாமலே புதுசுக்கு விலை கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது என்ற ஓர் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் அலங்காரம்.

மூன்றாவது, தெரிந்தவருக்கோ விளம்பரம் கொடுத்தோ நேரடியாக விற்பது. அதிகப் பணம் இதில்தான், அலைச்சலும் இதில்தான். ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போவார்கள்.

இங்கே வரியைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய 55ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய சிறிய கார்களுக்கான வரியை 12லிருந்து 18 சதவீதமாக உயர்த்தியது. சொந்தக் காரை விற்கிற தனிநபரும் 18 சதவீதம் கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. அப்படி இல்லை. பதிவுபெற்ற வியாபாரிக்குத்தான் அந்த வரி, அதுவும் அவருடைய லாபத்தின்மீது மட்டும். நாலரைக்கு வாங்கி ஐந்துக்கு விற்றால் 50,000 ரூபாய்க்கு 9,000 வரி. அவரும் அதைத் தன் பாக்கெட்டிலிருந்து போட மாட்டார். உங்களுக்குத் தரும் விலையில் குறைத்துக்கொள்வார்.

விலையை இன்னும் இழுக்கும் விஷயங்கள் சில. பி.ஒய். நம்பர் வண்டி புதுச்சேரியில் வரி குறைவு என்று எடுத்ததாக இருக்கும். தமிழ்நாட்டில் நிரந்தரமாக ஓட்ட நினைப்பவர் இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும், அதைக் கழித்துக்கொண்டுதான் பேசுவார். டிசம்பரில் தயாராகி ஜனவரியில் பதிவான கார் ஆர்.சி.யில் முந்தைய வருடத்துக் காராகவே நிற்கும். வருடக் கடைசித் தள்ளுபடியில் சிரித்துக்கொண்டு எடுத்தவர் விற்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கிறார். கம்பெனியே மூட்டை கட்டினால் சொல்ல வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது, மறைமலை நகர் ஆலைத் தொழிலாளர்களோடு ஃபிகோ வைத்திருந்தவர்களும் கவலைப்பட்டார்கள்.

விற்பவர் பக்கம் சேரக்கூடியவையும் உண்டு. 2024 ஜூலை முதல் மாருதி கார்களுக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி. ஒரு வயதுக் காரை வாங்குபவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு மிச்சமிருக்கிறது. அதை வாய் திறந்து சொல்லி விலை கேட்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது அல்ல, ஓட்டியவருக்கு உரியது. ஒரு வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம். காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் அடுத்த காரின் சேதக் காப்பீட்டுப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். எத்தனையோ பேர் சாவியோடு சேர்த்து இதையும் கொடுத்துவிடுகிறார்கள்.

தீர்ப்பு இதுதான். சின்ன காரை முதல் இரண்டு வருடத்தில் விற்பது கட்டாயம் வந்தால் மட்டும். வேகன்ஆர், ஸ்விஃப்ட் போன்றவை சட்டென்று கைமாறும். ஆனால் சீக்கிரம் விலைபோவது வேறு, நல்ல விலைக்குப் போவது வேறு. வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால், 2025 செப்டம்பருக்கு முன் பதிவான, ஆறு ஏர்பேக் உள்ள, சிங்கிள் ஓனர் வேகன்ஆர் புதிய ஆன்-ரோடு விலையைவிட ஒரு லட்சம் குறைவாகக் கிடைத்தால் எடுக்கலாம். 50,000தான் வித்தியாசம் என்றால் ஷோரூமுக்கே போய்விடலாம்.

விற்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பணம் வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். படிவம் 29, 30 கையெழுத்தாக வேண்டும். கடன் இருந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி. என்ற கடன் குறிப்பை நீக்க வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போகிறதென்றால் படிவம் 28 தடையின்மைச் சான்றும் வேண்டும். 2007இல் விற்கப்பட்டு, பல கை மாறி, 2009இல் விபத்துக்குள்ளான ஒரு காரின் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. அந்தக் காரை முதலில் விற்றவரின் பெயர்தான் அதுவரை ஆர்.சி.யில் இருந்தது. பெயர் மாறிய ஆர்.சி.யை எம்பரிவாகன் செயலியில் கண்ணால் பார்க்கும்வரை பழைய பாலிசியை ரத்து செய்யாதீர்கள்.